ஜிக் இறங்கும் நேரம்: கழிமுகத்தில் கொடுவா பிடிக்கும் முறை

கொடுவா இரையைப் பல்லால் கவ்விப் பிடிக்கும் மீன் அன்று. ஒளிந்திருக்கும் இடத்திலிருந்து ஒரு பாய்ச்சலில் நெருங்கி, வாயையும் செவுள் மூடிகளையும் ஒரே நொடியில் அகல விரித்து, இரையைத் தண்ணீரோடு சேர்த்து உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். ஜிக் (ஈயத் தலையுள்ள தூண்டில் முள்ளில் கோத்த செயற்கை இரை) கொண்டு இம்மீனைப் பிடிக்க விரும்புபவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுதான். நூல் கம்பி போல இறுகியிருந்தால் உறிஞ்சும் நீரோடு ஜிக் வாய்க்குள் போகாது. நூல் முற்றிலும் தளர்ந்திருந்தால் அது உள்ளே போனதே நமக்குத் தெரியாது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில் ஜிக்கை இறங்கவிடும் பழக்கமே இந்தக் கலையின் பெரும்பகுதி என்பது என் கருத்து. கருவிகளையும் அந்த நோக்கத்தை வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

பாரசீக வளைகுடா தொடங்கி வட ஆஸ்திரேலியா வரையிலான கரையோரங்களில் வாழும் கொடுவா, உப்பு நீரிலும் நன்னீரிலும் வளரக்கூடியது. முட்டையிடுவதற்கு மட்டும் உப்பு மிகுந்த முகத்துவாரங்களை நாடி வரும். கழிமுகத்தில் அது நீந்தித் திரிந்து இரை தேடுவதைக் காட்டிலும், நீரோட்டத்தை எதிர்நோக்கி ஏதேனும் ஒரு மறைவின் பின்னால் நின்று, ஓட்டம் கொண்டுவரும் இறாலையும் சிறு மடவையையும் எதிர்பார்த்திருப்பதே அதிகம். பாலத்தின் தூண்கள், விழுந்து கிடக்கும் மரம், பாறைக் குவியல், அலையாத்தி வேர்களின் ஓரம், சிறு ஓடை பெரிய கழியில் வந்து சேரும் வாய் ஆகிய இடங்களில் நீரின் மேற்பரப்பை உற்றுப் பார்த்தால், வேகமாக ஓடும் நீரும் தேங்கிச் சுழலும் நீரும் உரசிக்கொள்ளும் ஒரு கோடு தெரியும். மீன் பெரும்பாலும் அந்தக் கோட்டின் மெதுவான பக்கத்தில்தான் நிற்கும்.

ஓதம் வடியத் தொடங்கி ஓடைகளில் தண்ணீர் குறையக் குறைய, உள்ளே ஒதுங்கியிருந்த சிறு மீன்கள் வேறு வழியின்றி ஓடை வாய்க்கு வந்தாக வேண்டும். ஆகவே வற்றத்தின் கடைசி இரண்டு மணி நேரமும், ஏற்றம் தொடங்கும் முதல் ஒரு மணி நேரமும் நான் தவறவிடாதவை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஓட்டம் மிக வலுத்து நீர் சேறாகிவிடும் இடங்களில், ஓட்டம் தணிந்து நீர் தெளியும் அட்டமியை ஒட்டிய நாள்களே ஜிக்குக்கு ஏற்றவை.

இனி ஜிக்கைப் பார்ப்போம். ஈயத் தலையும் முள்ளும் சேர்ந்த ஜிக் ஹெட்டில் 8 முதல் 12 செ.மீ. நீளமுள்ள ரப்பர் மீனைக் கோத்துப் பயன்படுத்துவதே எல்லா இடத்துக்கும் பொருந்தும். எடை எவ்வளவு என்ற கேள்விக்கு எண்ணாக விடை சொல்வதைவிட, இறங்கும் வேகமாகச் சொல்வதே சரி. இரண்டு மீட்டர் ஆழத்தில் ஜிக் அடியைத் தொட மூன்று அல்லது நான்கு விநாடி ஆக வேண்டும். ஓட்டம் குறைந்த ஓடை வாயில் 7 முதல் 10 கிராம் இதற்குப் போதும். பாலத் தூண்களின் அருகில், ஓட்டம் இழுக்கும் ஆழத்தில், 20 முதல் 28 கிராம் வரை தேவைப்படலாம். எடை கூடினால் ஜிக் கல் போல விழும், மீனுக்குப் பார்க்க நேரமிருக்காது. குறைந்தால் ஓட்டம் அதை அடிக்கே இறங்கவிடாமல் அடித்துச் சென்றுவிடும். டங்ஸ்டன் ஈயத்தைவிட ஏறத்தாழ 1.7 மடங்கு அடர்த்தியானது என்பதால் அதே எடை சிறிய தலைக்குள் அடங்கும்; ஆனால் சிக்கி அறுந்துபோகும் இடங்களில் விலை கூடிய தலையைப் பயன்படுத்த எனக்கு மனம் வருவதில்லை. நிறத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம்: தெளிந்த நீரில் வெள்ளி அல்லது வெள்ளை, கலங்கிய நீரில் பொன் அல்லது கறுப்பு. முள் மட்டும் 4/0 அளவை ஒட்டியதாகவும் தடித்த கம்பியால் ஆனதாகவும் இருக்கட்டும். மெல்லிய முள்ளைக் கொடுவா நிமிர்த்திவிடும்.

சுமார் 7 அடி நீளத்தில், நுனி மட்டும் விரைந்து வளையக்கூடிய, அடிப்பகுதி விறைப்பான ராடும் (தூண்டில் கோல்), நூலைச் சுற்றிவைக்க 3000 அல்லது 4000 அளவு ஸ்பின்னிங் ரீலும் கொள்ளலாம். நூல் 20 முதல் 30 பவுண்டு வலிமையுள்ள பிரெய்டு, அதாவது பல இழைகளைப் பின்னிய நூல். பிரெய்டு கிட்டத்தட்ட நீளாது என்பதால், அடியில் ஜிக் கல்லைத் தொடுவதும் மணலைத் தொடுவதும் கைக்கு வேறு வேறாகத் தெரியும். அதன் முனையில் 40 முதல் 60 பவுண்டு வலிமையுள்ள லீடரை (தடித்த முனை நூலை) ஒரு மீட்டர் அளவுக்குச் சேர்ப்பது கட்டாயம். கொடுவாவின் பற்கள் கூரியவை அல்ல, ஆனால் வாய் முழுவதும் உப்புத்தாள் போன்றது. செவுள் மூடியின் விளிம்போ கத்தி. தூண்டில் பிடித்த முதல் ஆண்டில் ஒரே காலையில் மூன்று மீன்களை அடுத்தடுத்து அறுத்துக்கொண்டு போகவிட்டேன். முடிச்சையும் ரீலையும் பழித்தபின்தான், லீடரின் கடைசி ஒரு சாண் சொரசொரத்துக் கிடந்ததை விரல் கண்டது. பிரெய்டையும் லீடரையும் எஃப்ஜி முடிச்சால் இணைத்தால் அது ராடின் வளையங்களில் தடையின்றி ஓடும். அது கைவராதவர்கள் இரட்டை யூனி முடிச்சைப் போடலாம். ஜிக்கை இறுக்கிக் கட்டாமல் சிறு வளைய முடிச்சால் கட்டினால் அது தாராளமாக ஆடும். எந்த முடிச்சையும் இறுக்கும் முன் நனைத்துக்கொள்ள வேண்டும்.

வீசும்போது மீன் நிற்கும் இடத்தின்மீதே வீசாமல், ஓட்டத்தின் மேற்பக்கமாகச் சற்றுக் குறுக்கே வீசி, ஓட்டமே ஜிக்கை மறைவை நோக்கிக் கொண்டுபோகுமாறு விட வேண்டும். ஜிக் தண்ணீரைத் தொட்டதும் ரீலின் பெய்லை (நூலைத் திறந்துவிடும் கம்பி வளையத்தை) மூடி, ராடின் நுனியைக் கடிகார முள்ளின் பத்து மணி நிலையில் வைத்து, மனத்துக்குள் எண்ணத் தொடங்குங்கள். நூல் மேலே சிறு வளைவுடன் தொங்கிக்கொண்டே ஜிக்கோடு நகர வேண்டும். அது அடியைத் தொட்டதும் அந்த வளைவு ஒரு கணம் கூடிச் சோரும். அப்போது மணிக்கட்டால் நுனியை இருமுறை மெல்லச் சுண்டி, ஜிக்கை முக்கால் மீட்டர் அளவு எழுப்பி, நுனியை அது இறங்கும் அதே வேகத்தில் கீழே கொண்டுவாருங்கள். நுனியைச் சட்டெனத் தாழ்த்திவிடுவதே புதியவர்கள் செய்யும் பிழை. ஜிக் எழும்போது மட்டும் கவனித்து, இறங்கும்போது அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். கொத்துவதோ பெரும்பாலும் இறக்கத்தில்தான். அது கண்ணாடியை விரல் நகத்தால் தட்டியது போல ஒரு ‘டொக்’ என்று வரலாம். அல்லது நான்கு எண்ண வேண்டிய இடத்தில் இரண்டிலேயே நூல் தளர்ந்துவிடலாம். இரண்டாவது அறிகுறியைத் தரை என்று எண்ணி ஏமாந்தவர்கள்தாம் அதிகம்.

அந்த நொடியில் ராடை வெட்டி இழுக்காமல், முதலில் ரீலை இரண்டு சுற்றுச் சுற்றித் தளர்வை எடுத்து, எடை கையில் பட்டதும் பக்கவாட்டில் உறுதியாக இழுக்க வேண்டும். டிராக் (மீன் இழுக்கும்போது ரீல் நூலை விட்டுக்கொடுக்கும் இறுக்கம்) நூலின் வலிமையில் நான்கில் ஒரு பங்குக்கு முன்பே அமைக்கப்பட்டிருக்கட்டும். மீன் மாட்டியபின் திருகுவது வேண்டாம். கொடுவா துள்ளும். நூல் மேல்நோக்கி எழுவதைக் கண்டதும் நுனியை நீரோடு தாழ்த்திப் பக்கவாட்டில் இழுத்தால் துள்ளலைக் குறைக்கலாம். அப்படியும் துள்ளினால், தலையை உதறும் அந்த நேரத்துக்கு மட்டும் சற்று விட்டுக்கொடுக்க வேண்டும்.

ஜிக் வேரிலோ கல்லிலோ சிக்கினால் ராடை வளைத்து இழுக்காதீர்கள்; ஆழமாகப் பதியும், ராடும் உடையும். நூலை விரல்களால் வில் நாண் போல இழுத்துச் சடாரென விடுவதைச் சிலமுறை செய்தால் பாதிக்குமேல் விடுபட்டுவிடும்.

மீனைக் கரை சேர்த்தபின் செவுளுக்குள் விரல் விடக் கூடாது. கீழ்த்தாடையை லிப் கிரிப்பர் என்னும் தாடை இடுக்கியால் பிடித்து, மறு கையை நனைத்து வயிற்றுக்கு அடியில் தாங்குங்கள். பெரிய மீனைத் தாடையில் மட்டும் தொங்கவிட்டால் அதன் முதுகெலும்பு மூட்டுகள் பாதிக்கப்படும். கொடுவா ஆணாகவே முதிர்ந்து, பல ஆண்டுகளுக்குப் பிறகு பெண்ணாக மாறும் இனம், 80 செ.மீ.க்கு மேற்பட்டவற்றில் பெரும்பாலானவை முட்டையிடும் பெண்கள் என்பதால், அவற்றை நான் திருப்பி விட்டுவிடுகிறேன். முள்ளின் எதிர்க்கொக்கியை முன்பே இடுக்கியால் நசுக்கி வைத்திருந்தால் இந்த வேலை அரை நிமிடத்தில் முடியும். மீனின் முகத்தை ஓட்டத்துக்கு நேராகத் தண்ணீரில் தாங்கியிருந்து, வாலை வலுவாக உதறும்போது கையைத் தளர்த்துங்கள். அடுத்த வீச்சுக்கு முன் லீடரின் கடைசி ஒரு சாணை விரலால் தடவிப் பார்த்து, சொரசொரப்பு இருந்தால் வெட்டிவிட்டு ஜிக்கை மறுபடி கட்டுங்கள்.