வேலை சரியில்லை என்றால் கூலியைப் பிடிக்கலாமா? அவசரத்தில் செய்யும் தவறுகள்

சனிக்கிழமை சாயங்காலம். கொத்தனார் மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்து, கரண்டியையும் மட்டக்கட்டையையும் வாளியில் போட்டுக் கழுவிக்கொண்டே, "முடிஞ்சிருச்சு சார், கணக்கை முடிச்சு விட்டுருங்க" என்கிறார். சித்தாள் அம்மா பையோடு கேட்டோரம் நிற்கிறார். மேலே ஏறிப் பார்த்தால் பூச்சு பளிச்சென்று இருக்கிறது. ஏதோ ஒரு மூலை மட்டும் கண்ணை உறுத்துகிறது, ஆனால் என்னவென்று சொல்லத் தெரியவில்லை. இந்த இடத்தில் நாம் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். முகதாட்சண்யத்துக்காக முழுப் பணத்தையும் எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். இல்லாவிட்டால் குறை கண்ணில் பட்டதும் "ஒரு பைசா தர மாட்டேன்" என்று வாசலில் நின்று கத்துகிறோம்.

நான் இரண்டையும் செய்திருக்கிறேன். தாம்பரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில், ஒரு முறை நிறுத்தி வைத்திருக்க வேண்டிய பணத்தைக் கொடுத்தேன். இன்னொரு முறை கொடுத்திருக்க வேண்டிய பணத்தைப் பிடித்தேன்.

நாள் கூலியா, காண்ட்ராக்டா?

சண்டை பாதி இங்கேதான் தொடங்குகிறது. நாள் கூலிக்கு ஆள் வைத்தால் நாம் வாங்குவது அவருடைய அன்றைய உழைப்பை. சாமான் நம்முடையது, எதை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்வதும் நாம்தான். வேலை மனசுக்குப் பிடிக்கவில்லை என்றால் நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லலாம். செய்த நாளுக்கான கூலியைப் பிடிப்பது நியாயமில்லை. மொத்தமாகப் பேசி விட்டால் கதை வேறு. அப்போது நாம் விலை பேசியது விளைவுக்கு. மாடி ஒழுகக் கூடாது என்று பேசி 18,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டவர், ஒழுகினால் பதில் சொல்லியாக வேண்டும்.

மொத்தமாகப் பேசிய வேலையிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் பணத்தை நிறுத்தினால் மேஸ்திரி எப்படியோ சமாளித்துக்கொள்வார், அன்று ராத்திரி வெறுங்கையோடு வீட்டுக்குப் போவது சித்தாள்தான். சட்டப்படி அது அவர்களுக்குள் இருக்கும் கணக்கு என்று தள்ளிவிடலாம். நான் அப்படிச் செய்வதில்லை. ஆட்கள் கூலிக்கு ஆகிற தொகையைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைப் பற்றித்தான் பேச்சு.

பார்க்காமலே பணம் கொடுப்பது

எங்கள் மாடி பழைய முறையில் போட்டது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து, மேலே தட்டோடு என்கிற தட்டையான ஓட்டைப் பதித்த தளம். தட்டோட்டு இணைப்புகள் விட்டுப்போயிருந்தன. செப்டம்பரில் ஒருவரைப் பிடித்து, விரிசல் அடைத்து, நீர்க்கசிவு தடுக்கும் பூச்சு இரண்டு கோட் அடிக்க 18,000 ரூபாய் பேசினேன். முன்பணம் 8,000. சனிக்கிழமை சாயங்காலம் மிச்சம் 10,000. பூச்சு வெள்ளையாக, அழகாக இருந்தது. கொடுத்துவிட்டேன்.

அக்டோபர் மூன்றாவது வாரம் வடகிழக்குப் பருவமழை பிடித்தது. ஹாலில் மின்விசிறிக்குப் பக்கத்தில் சொட்டு. மேலே போய்ப் பார்த்தால் மழைநீர்க் குழாய் வாய்க்கு இரண்டடி முன்னால் கணுக்கால் நனைகிற அளவு தண்ணீர் குளம் கட்டி நிற்கிறது. பூச்சில் பெரிய குறை ஒன்றும் இல்லை. வாட்டம்தான், அதாவது தண்ணீர் குழாய் வாயைப் பார்த்து ஓடுவதற்கான சரிவுதான் இல்லை. பழைய தளம் அந்த இடத்தில் இறங்கியிருந்திருக்கிறது, அதைச் சரிசெய்யாமல் மேலேயே அடித்துவிட்டுப் போயிருக்கிறார். போன் செய்தால், "மதுரைப் பக்கம் சைட்ல இருக்கேன் சார், மழை விட்டதும் வர்றேன்." மழை விட்டது. அவர் வரவில்லை.

மாடி வேலையைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. குழாய் வாயைத் துணியால் அடைத்து, ஓரிரண்டு அங்குலம் தண்ணீர் தேக்கி, குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் 48 மணி நேரம் வைத்து, கீழே சீலிங்கில் ஈரம் பூக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் பூச்சு நன்றாகக் காய வேண்டும், எத்தனை நாள் என்பது டப்பாவிலேயே போட்டிருக்கும். அப்புறம் துணியை எடுத்துவிட்டுத் தண்ணீர் தானாக வடிகிறதா, எங்கேயாவது தேங்குகிறதா என்று பார்க்கலாம். தளத்துக்கு நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் வாட்டம் இருந்தால் போதும். அதாவது பத்தடிக்குச் சுமார் ஒன்றேகால் அங்குலம் இறக்கம். இதெல்லாம் சனிக்கிழமை சாயங்காலத்தில் நடக்கிற காரியமில்லை. ஆகவே கடைசித் தவணை தண்ணீர் நிறுத்திப் பார்த்த பிறகுதான் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். முடிந்த பிறகு சொன்னால் அது ஏமாற்று மாதிரித்தான் அவருக்குத் தோன்றும்.

மற்ற வேலைகளுக்கு இவ்வளவு நேரம் வேண்டாம். குளியலறைத் தரையில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றி, வடிகாலைத் தேடி ஓடுகிறதா என்று பாருங்கள். காய்ந்த டைலை நாணயத்தால் தட்டினால், கலவை பிடிக்காத இடத்தில் பொள்ளென்று சத்தம் வரும். சுவருக்குள் போகும் குழாயைப் பூசி மூடும் முன் ஓர் இரவு தண்ணீர் விட்டு வையுங்கள்.

எல்லாத்தையும் பிடித்துக்கொள்வது

இது எதிர்ப்பக்கத்துத் தவறு. வேலையில் ஒரு பகுதி கெட்டால் மொத்தப் பணமும் நமக்கே என்று நினைப்பது. என் மாடிக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். விரிசல் அடைத்தது சரி, பூச்சும் சரி. குறை, குழாய் வாய்ப் பக்கத்து வாட்டம் மட்டும். அதை உடைத்துச் சரிசெய்ய இன்னொருவர் 3,500 கேட்டார். அன்று நான் நிதானமாக இருந்திருந்தால் 6,500 கொடுத்துவிட்டு, "இந்த 3,500 வாட்டம் சரியான அன்றைக்கு" என்று சொல்லியிருக்கலாம். சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்பதுதான் பிடித்து வைக்க வேண்டிய தொகை. நம் கோபத்தை வைத்து அளக்க முடியாது.

1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டமும் ஏறக்குறைய இப்படித்தான் போகிறது. ஒப்பந்தத்தை மீறியதால் இயல்பாக ஏற்பட்ட நஷ்டத்துக்கு 73ஆம் பிரிவின் கீழ் ஈடு கேட்கலாம். ஆனால் நஷ்டத்தைக் கணக்கிடும்போது, அதைக் குறைக்க நமக்கு என்ன வழி இருந்தது என்பதையும் பார்க்கச் சொல்கிறது அதே பிரிவு. மூன்று மாதம் சொட்டச் சொட்ட வேடிக்கை பார்த்துவிட்டு, சீலிங் பெயிண்ட், மின்விசிறி, சோபா எல்லாவற்றையும் கொத்தனார் தலையில் கட்ட முடியாது.

கருவிகளைப் பிடித்து வைத்துக்கொள்வது இன்னும் மோசம். ட்ரில்லையும் கட்டிங் மெஷினையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு "சரிசெஞ்சுட்டு எடுத்துட்டுப் போ" என்பார்கள் சிலர். அது அவருடைய பிழைப்பு. போலீஸ் வரை போனால் குற்றவாளி நீங்கள்தான் என்று ஆகிவிடும்.

உடனே அடுத்த ஆளைக் கூப்பிடுவது

அடுத்து வருகிறவர் முதலில் சொல்லும் வாக்கியம் உங்களுக்கே தெரியும்: "யாருங்க இந்த வேலையைச் செஞ்சது?" நான் இதுவரை பார்த்த பிளம்பர், எலெக்ட்ரீஷியன், கொத்தனார் யாரும் இதைச் சொல்லாமல் வேலை தொடங்கியதில்லை. அவர் தீர்ப்பை அப்படியே நம்பி, உடைத்தும் போட்டுவிட்டால், முதல் ஆள் செய்த குறைக்குச் சாட்சியே இல்லாமல் போகும்.

முதலில் போட்டோ, வீடியோ. ஒழுகுவதை ஒழுகும்போதே எடுக்க வேண்டும். பிறகு முதல் ஆளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, ஒரு தேதி சொல்லுங்கள்: "வரும் வியாழனுக்குள் வந்து சரிசெய்து கொடுங்கள், சரியானதும் மிச்சம் 3,500 தருகிறேன்." திட்டு வேண்டாம். போனில் பேசியது காற்றோடு போகும், இது நிற்கும். பாதிப் பேர் இதற்கே வந்துவிடுவார்கள், ஏனென்றால் பணம் வரும் என்று அதில் எழுதியிருக்கிறது. தேதி தாண்டினால் அடுத்த ஆளை வைத்து, அவர் வாங்கிய தொகைக்கு ரசீதோ, ஒரு மெசேஜோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே விதிவிலக்கு, உயிர் சம்பந்தப்பட்ட வேலை. ஸ்விட்சைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது, கீசர் பக்கம் கரிந்த வாடை வருகிறது என்றால் வியாழக்கிழமைக் கணக்கெல்லாம் கிடையாது. மெயினை அணைத்துவிட்டு, தெரிந்த வேறு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பணத்தைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

கோர்ட் மிரட்டல்

மொத்தமாகப் பேசிச் செய்யும் வீட்டு வேலையும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைதான். குறை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கேட்டுப் பார்க்கலாம். லட்சக்கணக்கில் ஆகும் வேலைக்கு இதெல்லாம் பிரயோஜனம். 3,500 ரூபாய் வாட்டத்துக்காக நடையாய் நடக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். போகும் எண்ணம் இல்லாமல் "கோர்ட்ல பார்த்துக்கிறேன்" என்று மிரட்டுவதில் ஒரு லாபமும் இல்லை. அதன் பிறகு அவர் உங்கள் போனை எடுக்க மாட்டார், அவ்வளவுதான்.

நம் பக்கத்துத் தப்பைப் பார்க்காமல் விடுவது

பெரும்பாலும் யாரும் பேசாத விஷயம் இது. சுவர்ப் பூச்சு வெடித்துவிட்டது என்று கொத்தனாரைத் திட்டுகிறோம். பூசிவிட்டுப் போகும்போது "ஏழு நாள் தண்ணி அடிங்க" என்று அவர் சொல்லியிருப்பார். முதல் இரண்டு நாள் அடித்திருப்போம், அப்புறம் மோட்டார் போட மறந்திருப்போம். ஓதம் ஏறிய சுவருக்கு முதலில் கசிவை நிறுத்துங்கள் என்று பெயிண்டர் சொன்னதைக் கேட்காமல், தீபாவளிக்குள் முடிய வேண்டும் என்று பட்டி பார்க்கச் சொல்லியிருப்போம். அது உரிந்தால் பெயிண்டர் என்ன செய்வார்? சாமான் நாமே வாங்கிக் கொடுத்த வேலையிலும் இப்படித்தான். மலிவு வால்வு ஒழுகினால் பிளம்பர் கூலியில் கை வைக்க முடியாது.

நான் பிடித்த பணம் இந்த வகைதான். மாடிக் கதைக்கு மறு வருஷம் குளியலறைத் தரைக்கு டைல் மாற்றினோம். மாடியில் ஏமாந்த நினைப்பில், கடைசித் தவணை 2,500ஐ நான்கு நாள் கழித்துத் தருகிறேன் என்று டைல் போட்டவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். சரி என்றார். நான்காம் நாள் பார்த்தால் வாசல் பக்கம் இரண்டு டைல் மிதித்தால் ஆடுகிறது. வந்தவரிடம் காட்டினேன். குனிந்து தட்டிப் பார்த்தார். "தண்ணி ஊத்துனீங்களா சார், மறுநாளே?" என்று கேட்டார். இல்லவே இல்லை என்று குரலை உயர்த்தினேன். அவர் பதில் பேசவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்து, ஏதோ பேச்சில் அம்மா சொன்னார். டைல் போட்ட அன்று ஊரிலிருந்து அத்தை வந்திருந்தார், மறுநாள் விடியற்காலையில் அங்கேதான் குளித்தார் என்று. ரெண்டு நாள் காலே வைக்காதீங்க என்று டைல் போட்டவர் சொன்னது எனக்குத்தான் தெரியும், வீட்டில் யாருக்கும் நான் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, வேலைக்கு ஆள் எடுக்கும் டீக்கடை முனையில் அவரைக் கண்டுபிடித்தேன். நடந்ததைச் சொல்லி 2,500ஐக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அந்த ரெண்டு டைல் இன்னும் ஆடுதா சார்?" என்று கேட்டார்.