அப்பாரு ராஜபார்ட் போட்டாரா? கம்பெனி நாடக நடிகரின் தடம் எடுக்கும் முறை

கொங்கு நாட்டுப் பக்கம் பல வீடுகளில் இந்தப் பேச்சு உண்டு: "எங்க அப்பாரு அந்தக் காலத்துல நாடகத்துல ராஜபார்ட்டுங்க." (அப்பாரு என்றால் அப்பாவின் அப்பா, ராஜபார்ட் என்றால் கதாநாயக வேடம்.) எந்தக் கம்பெனி, எந்த வருஷம், எந்த நாடகம் என்று அடுத்த கேள்வி கேட்டால் பேச்சு நின்றுவிடும். 1900 முதல் 1940 வரை மேடையேறிய ஒருவரின் நடிப்பு வாழ்க்கையை வருஷவாரியாக மீட்டெடுப்பது எப்படி என்பது கீழே.

நியூயார்க் பிராட்வேயில் நடித்தவராக இருந்தால் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும். அங்கே ரசிகர்கள் கைக்கு வந்த அச்சிட்ட நிகழ்ச்சித்தாள்களில் நடிகர் பட்டியல் இருக்கும். 1913ல் சங்கம் வைத்து 1919ல் வேலைநிறுத்தமும் செய்தவர்கள் அந்த ஊர் நடிகர்கள். ஆகவே ஒப்பந்தம், சம்பளம் பற்றியும் தாள் கிடைக்கும். நமக்கு இருப்பது மெல்லிய கலர் தாளில் அடித்து வீதியில் வீசிய நோட்டீஸ்தான். அதுவும் கரையானுக்குப் போக மிச்சம்.

முதலில் ஒரு நீளமான கணக்கு நோட்டு வாங்குங்கள். பக்கத்துக்கு ஆறு பத்தி: தேதி, ஊர், கம்பெனி, நாடகம், வேடம், எதிலிருந்து தெரிந்தது. ஆறாவது பத்தியை விட்டுவிட்டால் மூன்று மாதம் கழித்து உங்கள் நோட்டை நீங்களே நம்பமாட்டீர்கள். காகிதத்தில் பார்த்ததைப் பேனாவில் எழுதுங்கள், வாய்மொழியாகக் கேட்டதைப் பென்சிலில். கம்ப்யூட்டரில் என்றால் இரண்டு நிறம்.

வீட்டுப் பெரியவர்களிடம்

"எந்த வருஷம்?" என்று கேட்டால் பதில் வராது, வந்தாலும் தப்பாக வரும். தெரிந்த நிகழ்ச்சி ஒன்றோடு முடிச்சுப் போட்டு அம்மாயியிடம் (அம்மாவின் அம்மா) அப்புச்சியைப் (அம்மாவின் அப்பா) பற்றி இப்படிக் கேளுங்கள். "ஏனுங்க அம்மாயி, அப்புச்சி கம்பெனிய விட்டுட்டு வந்தது காவேரியில பெருவெள்ளம் வந்ததுக்கு முன்னாலீங்களா, பின்னாலீங்களா?" அந்த வெள்ளம் 1924 ஜூலை. மேட்டூர் அணை திறந்தது 1934. பைக்காரா மின்சாரம் 1932க்குப் பிறகு, அதனால் "நாடகத்துல காஸ் லைட்டுங்களா, கரண்டு லைட்டுங்களா?" என்பதும் நல்ல கேள்வி. இப்படி இரண்டு மூன்று முளை அடித்துவிட்டால் காலம் ஐந்தாறு வருஷத்துக்குள் சுருங்கிவிடும்.

வேடத்தைக் கேட்கும்போது "ஹீரோவா?" என்று கேட்காதீர்கள். ராஜபார்ட், ஸ்திரீபார்ட் (பெண் வேடம்), கள்ளபார்ட் (திருடன் வேடம்), பபூன் (கோமாளி), நாரதர் என்று அந்தத் தொழிலின் சொல்லைச் சொல்லிக் கேட்டால் முகம் மலரும், நினைவும் வரும். பின்பாட்டுக்காரரையும் ஆர்மோனியக்காரரையும் பேரன்மார் ராஜபார்ட்டாக உயர்த்திவிடுவது சகஜம். எனவே "என்ன பாட்டு பாடுவாரு?" என்று கேட்டு அந்த அடி நாடகத்தில் யாருடைய பாட்டு என்று பாட்டுப் புத்தகத்தில் ஒத்துப் பாருங்கள்.

அட்டாலியில் (பரணில்) இருக்கும் பெட்டி

மடித்து வைத்த நோட்டீஸைப் பிரிக்கும் அவசரத்தில்தான் பலர் அதைக் கிழிக்கிறார்கள். மடிப்பு முறுகலாக இருந்தால் கையால் நிமிர்த்தக்கூடாது. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ஈரத்துணி வைத்து, அதன்மேல் படாதபடி தட்டு கவிழ்த்து, தட்டின்மேல் நோட்டீஸை வைத்து மூடுங்கள். சில மணி நேரத்தில் தாள் இளகும். அரை மணிக்கு ஒரு தரம் பாருங்கள், கலர் தாளின் சாயம் ஈரத்தில் கசியும். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள். லேமினேஷன் கூடவே கூடாது, அதைத் திரும்பப் பிரிக்க வழியில்லை. நோட்டீஸ் என்றால் 400 டிபிஐ, போட்டோ என்றால் 600 டிபிஐயில் ஸ்கேன் எடுத்தால் போதும். சட்டக் கண்ணாடியோடு ஒட்டிப்போன போட்டோவைப் பிய்க்காமல், பக்கவாட்டு வெளிச்சத்தில் கண்ணாடிக்கு மேலிருந்தே படம் எடுங்கள்.

போட்டோவின் பின்புறம் ஸ்டூடியோ முத்திரை இருக்கிறதா பாருங்கள், ஊர் தெரிந்துவிடும். உடையை வைத்து வேடத்தைச் சொல்லலாம், ஆளை ஆணா பெண்ணா என்று சொல்லிவிட முடியாது. சிறுவர்களை வைத்தே நடத்திய பாய்ஸ் கம்பெனியில் பெண் வேடமெல்லாம் பையன்கள்தான். கொடுமுடிக்காரரான கே.பி. சுந்தராம்பாள் 1935ல் சினிமாவில் போட்டதோ நந்தனார் வேடம். கிரீடம் வைத்த படத்தில் இருப்பது அப்புச்சியாக இல்லாமல் அம்மாயியாகவும் இருக்கலாம்.

நோட்டீஸின் தேதி

நாள் அதிகம் பிடிப்பது இதற்குத்தான். பல நோட்டீஸ்களில் தேதியும் கிழமையும் இருக்கும், வருஷம் இருக்காது. 'பிப்ரவரி 15, செவ்வாய்க்கிழமை இரவு 9.30 மணிக்கு' என்று மட்டும் இருக்கிறது என்று வையுங்கள். 1910 முதல் 1940 வரை பிப்ரவரி 15 செவ்வாயில் விழுந்த வருஷங்கள் ஐந்தே: 1910, 1916, 1921, 1927, 1938. நடிகர் பிறந்தது 1908 என்றால் முதல் இரண்டும் போய்விடும். மிச்சம் மூன்றில் எது என்பதை நோட்டீஸின் மற்ற விவரம் சொல்லும்.

தமிழ் வருஷம் போட்டிருந்தால் இன்னும் நல்லது, ஆனால் அதில் ஒரு குழி இருக்கிறது. அட்சய வருஷம் 1926 என்று பட்டியலில் பார்த்துவிட்டு அப்படியே எழுதிவிடுவார்கள். அட்சய தொடங்குவது 1926 சித்திரையில்தான். அதே வருஷத்துத் தை, மாசி, பங்குனி 1927ல் வருகிறது (மார்கழியின் பின்பாதியும் அப்படியே). தை நோம்பியை (பொங்கலை) ஒட்டியும் மாசி, பங்குனித் திருவிழாக்களிலும் நாடகம் நிறைய நடந்ததால் இந்தத் தப்பு அடிக்கடி நேரும். கைவசம் வைத்துக்கொள்ள: ரௌத்திரி 1920-21, துன்மதி 21-22, துந்துபி 22-23, ருத்ரோத்காரி 23-24, ரக்தாட்சி 24-25, குரோதன 25-26, அட்சய 26-27, பிரபவ 27-28, விபவ 28-29, சுக்கில 29-30.

நோட்டீஸின் அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கும். அச்சடித்தவர் பெயரும் ஊரும் போடவேண்டும் என்று 1867லேயே சட்டம் வந்துவிட்டது. ஊர்ப் பெயர் கிழிந்துபோன நோட்டீஸில் 'ஈரோடு' என்று அச்சக முகவரி இருந்தால் நாடகம் ஈரோட்டில் அல்லது சுற்றுவட்டத்தில் நடந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஒன்றை மறக்க வேண்டாம்: நாடகம் போடுவதாக இருந்தார்கள் என்பதற்கு மட்டுமே நோட்டீஸ் சாட்சி. மழையில் நின்றிருக்கலாம், அறிவித்த ஆள் வராமல் வேறொருவர் வேஷம் கட்டியிருக்கலாம். நோட்டில் 'அறிவிப்பு' என்று எழுதுங்கள், 'நடித்தார்' என்று எழுதாதீர்கள்.

கம்பெனியின் இரண்டு பெயர்

ஜனங்கள் வாயில் முதலாளி பெயர், நோட்டீஸில் சபா பெயர். கன்னையா கம்பெனி என்றால் ஸ்ரீ கிருஷ்ண விநோத சபா. ஜெகந்நாதய்யர் கம்பெனி என்றால் மதுரை பால மீனரஞ்சனி சங்கீத சபா. நவாப் ராஜமாணிக்கம் நடத்தியது தேவி பால விநோத சங்கீத சபா. டி.கே.எஸ். சகோதரர்களுடையது மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபா. இது 1925ல் தொடங்கியது திருவனந்தபுரத்தில்! ஆகவே பெயரில் 'மதுரை' இருப்பதால் நடிகர் மதுரையில் இருந்தார் என்று எழுதிவிடாதீர்கள். கம்பெனிகள் ஓர் ஊரில் வாரக்கணக்காகவோ மாதக்கணக்காகவோ முகாம் போட்டுவிட்டு, சீன், படுதாவோடு அடுத்த ஊருக்கு ரயில் ஏறும். கோவை, திருப்பூர், ஈரோடு, கொடுமுடி, கரூர் என்று ரயில்பாதையை வரைந்து அதன்மேல் தேதிகளைக் குறித்தால் இடையில் விட்டுப்போன முகாம் எங்கே இருந்திருக்கும் என்று ஊகிக்க முடியும்.

பாய்ஸ் கம்பெனி நோட்டீஸில் பெரும்பாலும் பையன்களின் பெயர் இருக்காது. ஸ்பெஷல் நாடக நோட்டீஸில் இருக்கும், ஏனென்றால் அங்கே ஒவ்வொரு நடிகரையும் ஓர் இரவுக்கென்று தனித்தனியாகப் பேசி வரவழைத்தார்கள். பெயருக்காகவே கூட்டம் வந்தது. இனிஷியலில் முதல் எழுத்து பெரும்பாலும் ஊர். இரண்டாவது அப்பா பெயராகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. கே.பி. சுந்தராம்பாளின் 'பி' அம்மா பாலாம்பாள்.

தொண்டை சொல்லும் வயது

பையன் எட்டு, பத்து வயதில் கம்பெனியில் சேருவான். குரல் நன்றாக இருந்தால் ஸ்திரீபார்ட். பதினான்கு, பதினைந்தில் மகரக்கட்டு வந்து தொண்டை உடையும். அத்தோடு ஸ்திரீபார்ட் போச்சு. குரல் திரும்பியவர் ராஜபார்ட்டுக்குப் போனார். திரும்பாதவர் காமிக், வசனவேடம் அல்லது ஆர்மோனியம், சில பேர் வீடு. ஆகவே 1908ல் பிறந்தவரின் ஸ்திரீபார்ட் போட்டோ சுமாராக 1918-23க்குள் எடுத்தது. அதே ஆள் 1930ல் ஸ்திரீபார்ட் என்று நோட்டீஸ் சொன்னால், பெயர் ஒத்துப்போன வேறு ஆளா என்று முதலில் சந்தேகப்படுங்கள். (வயது வந்தும் ஸ்திரீபார்ட்டிலேயே பேர் வாங்கியவர்களும் உண்டு. சந்தேகம் என்றுதான் சொன்னோம்.)

தமிழ்ப் பேசும்படம் 1931ல் வந்தது. கோவையில் சென்ட்ரல் ஸ்டூடியோவும் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸும் அந்தப் பத்தாண்டிலேயே எழுந்தன. கொங்குப் பக்க நடிகர் 1935க்குப் பிறகு நோட்டீஸில் காணாமல் போனால் அந்தக் காலத்து சினிமாப் பாட்டுப் புத்தகங்களின் நடிகர் பட்டியலைக் கடைசி வரி வரை பாருங்கள்.

இசைத்தட்டு கிடைத்தால்

உடனே சுழலவிடாதீர்கள். நிமிஷத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய தட்டின் கோடு, பிற்காலத்து எல்.பி. தட்டின் கோட்டைவிட அகலம். அதற்கு 3 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) முள் வேண்டும், எல்.பி. முள்ளை வைத்தால் இரைச்சல்தான் மிஞ்சும். பழைய கிராமபோனில் போடுவதாக இருந்தால் ஒரு பக்கத்துக்கு ஒரு புது எஃகு ஊசி. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் தட்டு அரக்கு என்பதால் கரைந்துவிடும். லேபிளில் உள்ள எண்ணோடு, லேபிளை ஒட்டிய வெற்றிடத்தில் பொறித்திருக்கும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பதிவான காலத்தைத் தேட உதவுவது பின்னதுதான்.

ஆரம்பகாலத் தட்டுகள் எல்லாம் சரியாக 78ல் பதிவானவை அல்ல. 74ல் பதிந்ததை 78ல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிக் கேட்கும். "எங்க அப்பாரு அஞ்சு கட்டைல பாடுனாருங்க" என்பதைத் தட்டை மட்டும் வைத்து உறுதிசெய்ய வேண்டாம்.

வெளியே தேடும்போது

சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் நாடக நோட்டீஸ்களும் பாட்டுப் புத்தகங்களும் இருக்கின்றன. நடிகர் பெயரை மட்டும் சொல்லாமல் நாடகப் பெயர், கம்பெனிப் பெயர் இரண்டையும் எழுதிக்கொண்டு போங்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு முன்கூட்டி விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். மேடையில் தேசியப் பாட்டுப் பாடி விஸ்வநாததாஸ் போலச் சிறை போனவர் என்றால் அங்கே போய்ப் பார்ப்பது வீண்போகாது. வழக்குத்தாளில் வயது, ஊர், தந்தை பெயர் மூன்றும் சேர்ந்து கிடைக்க வாய்ப்புண்டு.

கேட்கும்போது பழைய மாவட்டத்தைச் சொல்லுங்கள். ஈரோடு, திருப்பூர் என்று கேட்டால் ஒன்றும் வராது, அன்று இரண்டும் கோயம்புத்தூர் ஜில்லா. கரூர் 1910 வரை கோயம்புத்தூர், பிறகு திருச்சி.

இன்னொன்று. பழைய தாளில் 'பிராட்வே, மதராஸ்' என்று முகவரியைப் பார்த்துவிட்டு அப்பாரு அமெரிக்கா போய் நடித்தார் என்று குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். அது ஜார்ஜ் டவுனில் இருக்கும் தெரு, இன்றைய பிரகாசம் சாலை.