நிழலுக்கு ஆணி அடிப்போம்: சொந்தமாக ஒரு மந்திரம் உருவாக்குவது எப்படி?

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, கதை சொல்லி, பகடை உருட்டி ஆடுகிற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸைக் கொஞ்ச நாள் ஆடினாலே கை பரபரக்க ஆரம்பித்துவிடும். புத்தகத்தில் இருக்கிற மந்திரங்கள் போதவில்லை, நாமே ஒன்று செய்தால் என்ன? தாராளமாகச் செய்யலாம். ஆனால் புதிதாக வருகிறவர்களில் பலர் நேராக டைஸுக்கு, அதாவது பகடைக் கணக்குக்கு, போய்விடுகிறார்கள். "6டி6 நெருப்பு, கூடவே 6டி6 மின்னல்" என்று எழுதினால் அது புது மந்திரம் இல்லை, பழசுக்கு அடித்த பெயிண்ட். (6டி6 என்றால் ஆறு முகப் பகடை ஆறை உருட்டிக் கூட்டுவது; 2டி10 என்றால் பத்து முகப் பகடை இரண்டு.)

ஒரு மந்திரத்தை முதலிலிருந்து கட்டிப் பார்ப்போம். விதிகள் 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி.

படி 1: எண்ணே இல்லாமல் ஒரு வரி

மந்திரம் என்ன செய்கிறது என்று ஒரே வரியில் எழுதுங்கள். நம்முடையது: "எதிரியின் நிழலைத் தரையோடு சேர்த்து ஆணி அடிக்கிறேன், அவனால் இடம்விட்டு நகர முடியாது."

இதற்குள்ளேயே பாதி விதி இருக்கிறது. நிழல் விழ வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் போனால் ஆணியும் போகும். அப்படியென்றால் எதிரியின் கூட்டாளி ஓடிவந்து தீப்பந்தத்தை அணைத்தால் ஆள் தப்பிவிடுவான். இப்படி எதிர்த்தரப்புக்கும் செய்ய ஏதாவது மிச்சம் வைக்கிற மந்திரம்தான் மேசையில் களைகட்டும்.

படி 2: பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒன்று

லெவலை, அதாவது மந்திரத்தின் பலப் படியை, ஊகிக்காதீர்கள். அதே வேலையைச் செய்கிற பழைய மந்திரம் ஒன்றைத் தேடுங்கள். இங்கே, செடிகொடிகளால் ஆட்களைக் கட்டிப்போடும் என்டேங்கிள் பொருந்தும். முதல் லெவல், 20 அடிச் சதுரம், உள்ளே நிற்பவர்கள் ஸ்ட்ரெங்த் சேவில் (உடல் பலத்தால் தப்பிக்கப் பகடை உருட்டுவதில்) தோற்றால் சிக்கிக்கொள்வார்கள். நகர முடியாது, அடிப்பதில் டிஸ்அட்வான்டேஜ் (இருமுறை உருட்டிக் குறைந்ததை எடுப்பது), அவர்களை அடிப்பவர்களுக்கு அட்வான்டேஜ் (அதிகமானதை எடுப்பது). நம்முடையது ஒரே ஆளை நிறுத்துகிறது, அவ்வளவுதான். ஆகவே முதல் லெவலே போதும், கொஞ்சம் டேமேஜ் சேர்க்கவும் இடமிருக்கிறது.

படி 3: டேமேஜ்

ஆட்டத்தை நடத்துகிற டன்ஜன் மாஸ்டர்களுக்கான கையேட்டில் இதற்கு ஒரு அட்டவணையே உண்டு. ஒரே ஆளைத் தாக்கினால் முதல் லெவலுக்கு 2டி10, இரண்டாவதுக்கு 3டி10, மூன்றாவதுக்கு 5டி10. பலரைத் தாக்கினால் 2டி6, 4டி6, 6டி6. பலரைத் தாக்குகிற ஃபயர்பால் மந்திரம் மூன்றாம் லெவலிலேயே 8டி6 தருகிறதே என்று கேட்பீர்கள். அது விதிவிலக்கு, அதை வைத்து அளவெடுக்காதீர்கள்.

நம் மந்திரம் ஆளையும் நிறுத்துவதால் பாதியை வெட்டுகிறேன்: 1டி10.

படி 4: சேவ், கான்சன்ட்ரேஷன்

ஸ்ட்ரெங்த் சேவ் வைக்கலாம். பூதம் பிய்த்துக்கொண்டு போகும், ஒல்லியான திருடன் மாட்டுவான். ஆளைத் தொடர்ந்து பிடித்துவைக்கிற மந்திரம் என்றால் கான்சன்ட்ரேஷனை (மந்திரம் நீடிக்க மந்திரவாதி அதில் கவனம் வைத்தே இருக்க வேண்டும் என்ற விதியை) யோசிக்காமல் சேர்த்துவிடுங்கள். மந்திரவாதி அடி வாங்கினால் அறுந்துபோக வழி இருக்கும், ஒரே நேரத்தில் இரண்டைப் பிடித்துக்கொள்ளவும் முடியாது.

படி 5: நீங்களே உடைத்துப் பாருங்கள்

நேரம் செலவழிக்க வேண்டியது இங்கேதான். உங்கள் குழுவிலேயே குறுக்குப்புத்தி அதிகம் உள்ளவர் இதை எப்படிப் பயன்படுத்துவார்?

பறக்கிற எதிரி மேல் போடுவார். மிதக்கும் திறன் இல்லாத பறவையோ டிராகனோ, வேகம் 0 ஆனால் பொத்தென்று கீழே விழும். விழுகிற ஒவ்வொரு 10 அடிக்கும் 1டி6. நம் வீச்சு, அதாவது மந்திரம் எட்டும் தூரம், 60 அடி என்றால் 6டி6, சராசரி 21. முதல் லெவலுக்கான 2டி10-இன் சராசரியோ வெறும் 11! ஒரு சின்ன ஸ்லாட்டில் (மந்திரம் போடச் செலவாகும் வாய்ப்பில்) டிராகனையே தரையில் போட்டுவிடலாம். பறப்பதை மட்டும் தடுத்து, அதுவும் பத்திரமாகக் கீழே இறக்குகிற எர்த்பைண்ட் என்ற மந்திரமே இரண்டாம் லெவல் என்பதையும் கவனியுங்கள்.

தீர்வு முதல் வரியிலேயே இருக்கிறது. தரையில் நிற்கிறவனின் நிழலைத்தானே காலோடு சேர்த்து ஆணி அடிக்க முடியும்? "இலக்கு தரையில் நிற்க வேண்டும்" என்று சேர்த்தால் ஓட்டை அடைபட்டது.

சரி, எல்லாவற்றையும் சேர்த்து எழுதினால்:

நிழலாணி
முதல் லெவல். ஒரு ஆக்‌ஷன். வீச்சு 60 அடி. கான்சன்ட்ரேஷன், 1 நிமிடம் வரை.
வெளிச்சத்தில், தரையில் நிற்கும் ஒருவரைத் தேர்ந்தெடுக்கவும். அவர் ஸ்ட்ரெங்த் சேவில் தோற்றால் 1டி10 டேமேஜ், வேகம் 0. வென்றால் பாதி டேமேஜ் மட்டும். தன் ஒவ்வொரு முறையின் முடிவிலும் மறுபடி சேவ் போடலாம், வென்றால் மந்திரம் முடியும். அவர் நிற்கும் இடம் முழு இருட்டானாலும் முடியும்.

இதை உடனே யாருடைய மந்திரப் பட்டியலிலும் சேர்க்க வேண்டாம். முதலில் ஒரே ஒரு ஸ்க்ரோலாக (மந்திரம் எழுதிய சுருளாக) புதையலில் போடுங்கள். ஒருமுறை படித்தால் அழிந்துவிடும், அதனால் ஏதாவது ஓட்டை தெரிந்தாலும் யாரிடமிருந்தும் எதையும் பிடுங்க வேண்டியிருக்காது. திருத்தி, அடுத்த புதையலில் மறுபடி வையுங்கள்.