ஆஸ்திரேலியப் பணியிடங்களில் வெளியேற்ற வரைபடம்: சட்டம் கேட்பதும் செய்ய வேண்டியதும்

ஆஸ்திரேலியாவில் உணவகமோ அலுவலகமோ சமூக மண்டபமோ நடத்துகிறவர், தீ போன்ற அவசரத்தில் வெளியேறும் வழியைக் காட்டச் சுவரில் மாட்ட வேண்டிய வெளியேற்ற வரைபடத்துக்கான விதிகளை ஒரே சட்டத்தில் தேடினால் முழுமையாகக் கிடைக்காது. விக்டோரியா தவிர்ந்த மாநிலங்கள் பின்பற்றும் மாதிரிப் பணியிடச் சுகாதார, பாதுகாப்பு விதிமுறைகளின் 43ஆம் விதி, ஒவ்வொரு பணியிடத்துக்கும் அவசரகாலத் திட்டம் ஒன்று இருக்க வேண்டும் என்றும், அதில் வெளியேறும் முறை, அவசர சேவைகளுக்குத் தகவல் தரும் முறை, ஊழியர்களுக்கான பயிற்சி, திட்டத்தை ஒத்திகை பார்க்கும் கால இடைவெளி ஆகியவை அடங்க வேண்டும் என்றும் சொல்கிறது. விக்டோரியாவில் 2004ஆம் ஆண்டின் தனிச் சட்டம் நடைமுறையில் உள்ளது. வரைபடத்தில் எது எந்த நிறத்தில் எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதை விரித்துரைப்பது ஏ.எஸ். 3745-2010 என்னும் தேசியத் தரம். தரம் தன்னளவில் சட்டமன்று. ஆயினும் வரைபடம் தயாரிப்போர் அளவுகோலாகக் கொள்வது அதைத்தான்.

குவீன்ஸ்லாந்தில் நிலைமை இன்னும் இறுக்கமானது. 2000ஆம் ஆண்டு ஜூன் 23 அன்று அம்மாநிலத்தின் சில்டர்ஸ் நகரில் பயணியர் விடுதியொன்று எரிந்து 15 பேர் இறந்த பிறகு, மலிவுத் தங்குமிடங்களுக்கான தீப்பாதுகாப்புச் சட்டங்கள் அங்கே கடுமையாக்கப்பட்டன. இன்று 2008ஆம் ஆண்டின் கட்டடத் தீப்பாதுகாப்பு ஒழுங்குமுறை, வரைபடத்தைச் சுவரில் மாட்டுவதையே சட்டக் கடமையாக்குகிறது. வெளியேறியவர்கள் ஒன்றுசேர வேண்டிய கூடுமிடத்தை மட்டுமன்றி, அங்கே செல்லும் வழியையும் காட்ட வேண்டும் என்று அது கேட்கிறது.

வரையத் தொடங்குமுன் கட்டடத்தின் தரைப்படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு தளத்தையும் நடந்து பாருங்கள். கட்டட அனுமதிக்காகப் பத்து ஆண்டுகளுக்கு முன் வரைந்த படத்தில் இல்லாத தடுப்புச் சுவர், பூட்டிவைத்த பின்கதவு, இடம் மாறிய தீயணைப்பான் ஆகியவை அப்போதுதான் கண்ணில் படும். வரைபடத்தை எங்கெங்கே, எத்தனை மாட்டுவது என்பதையும் அந்த நடையிலேயே குறித்துக்கொள்ளலாம். மக்கள் இயல்பாகக் கடந்துபோகும், நின்று பார்க்கக்கூடிய இடம்தான் பொருத்தமானது. திறந்த கதவுக்குப் பின்னால் மறையும் சுவர் பயன்படாது. தரையிலிருந்து 1200 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் 1600 மில்லிமீட்டருக்கு மிகாமலும் மாட்ட வேண்டும்.

அளவு ஏ4 தாளுக்குக் குறையக் கூடாது. தளத்தின் படம் மட்டுமே 200க்கு 150 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். கூடுமிடத்தின் படத்தையும் அதிலேயே சேர்ப்பதானால் ஏ3 தாள் தேவை. தலைப்பு, பார்ப்பவர் நிற்கும் இடத்தின் குறி, பச்சை நிறத்தில் வெளியேறும் வாயில்கள், சிவப்பு நிறத்தில் தீயணைப்பான்கள், தண்ணீர்க் குழாய்ச் சுருள்கள், தீப்போர்வைகள், இவற்றுடன் எச்சரிக்கைப் பொத்தான்கள், கூடுமிடம், குறிகளுக்கான விளக்கம், செல்லுபடியாகும் தேதி ஆகியவை இடம்பெற வேண்டும். முதலுதவிப் பெட்டியும் வடதிசை அம்புக்குறியும் விருப்பத்துக்கு உட்பட்டவை. இடமிருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் திணித்தால் புகைக்கு நடுவே வாயிலைத் தேடுகிறவருக்குப் படம் உதவாது என்பதே என் கருத்து.

மிகுதியாகக் காணப்படும் பிழை இவற்றில் எதுவுமன்று. ஒரே படத்தை நான்கு நகலெடுத்து நான்கு சுவர்களில் மாட்டிவிடுவதுதான் அது. பார்க்கிறவர் நிற்கும் திசைக்கு ஏற்பப் படம் திரும்பியிருக்க வேண்டும் என்று தரம் கேட்கிறது: படத்தில் வலப்பக்கம் உள்ள வாயில், படத்தின் முன் நிற்பவருக்கும் வலப்பக்கமே இருக்க வேண்டும். ஒரு தாழ்வாரத்தின் இரு சுவர்களிலும் எதிரெதிராக ஒரே படம் தொங்கினால் அவற்றுள் ஒன்று ஆளைத் தவறான பக்கம் அனுப்பும். நான் ஒருமுறை போயிருந்த மண்டபத்தில், மேடையருகே இருந்த படம் நான் நுழைவாயிலில் நிற்பதாகக் காட்டியது. அதை நம்பி இடப்பக்கம் திரும்பினால் எதிர்ப்படுவது சமையலறைதான். ஆகவே ஒவ்வொரு படத்தையும் அது மாட்டப்படும் சுவருக்கென்றே திருப்பி, நிற்கும் இடத்தை உரிய புள்ளியில் குறித்து, கோப்பின் பெயரிலேயே சுவரையும் எழுதி வைத்துவிடுங்கள். மாட்டியபின், அந்த இடத்துக்குப் புதியவர் ஒருவரை அழைத்து, படத்தை மட்டும் பார்த்து வாயிலைக் கைகாட்டச் சொல்லுங்கள். அவர் கை தடுமாறினால் படத்தைத் திருத்த வேண்டும்.

செல்லுபடிக் காலம் ஐந்து ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. அதற்குள் சுவர் இடிக்கப்பட்டாலோ வாயில் மூடப்பட்டாலோ கூடுமிடம் மாறினாலோ தேதிக்காகக் காத்திராமல் உடனே புதிய படம் வரைய வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் நடத்த வேண்டிய வெளியேற்ற ஒத்திகையின்போது, பொறுப்பாளர்கள் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வழிகளை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. புதியதை மாட்டும் அன்றே பழையதைக் கழற்றிவிடுங்கள். ஒரே சுவரில் இரண்டு தேதிகளுடன் இரண்டு படங்கள் தொங்குவது, நம்ப முடியாத அளவுக்கு அடிக்கடி காணக்கிடைக்கிறது.