இணைப்புப் பட்டியலைத் தரவுத்தளத்துக்கு மாற்றுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்து ஊர் இணையத்தளங்களில் ‘இணைப்புகள்’ என்றொரு பக்கம் கட்டாயம் இருக்கும். ஊர்க் கோயில், பாடசாலை, பழைய மாணவர் சங்கத்தின் கனடாக் கிளை, லண்டன் கிளை, மரண அறிவித்தல் தளங்கள், நூலகம் திட்டம் என்று யாரோ ஒருவர் ஆண்டுக்கணக்காகக் கையால் சேர்த்துவைத்த பட்டியல் அது. நூறு இணைப்பு வரை வெறும் எச்டிஎம்எல் பக்கம் தாங்கும். அதற்கு மேல் போனால் தேடவும் முடியாது, செத்த இணைப்பு எது என்று பார்க்கவும் முடியாது. அதனால்தான் பலர் இப்போது தரவுத்தளம் உள்ள மென்பொருளுக்கு மாறுகிறார்கள். வேர்ட்பிரஸும் ஒரு டைரக்டரி பிளகினும், அல்லது பிஎச்பியில் எழுதிய இணைப்புத் தொகுப்பு மென்பொருள் ஒன்று. பின்னால் மைஎஸ்கியூஎல்லோ மரியாடிபியோ என்ற தரவுத்தள மென்பொருள் இருக்கும்.

“எஸ்கியூஎல் தெரியாது, செய்யலாமா?” என்று எல்லோரும் கேட்கிறார்கள். எஸ்கியூஎல் என்பது தரவுத்தளத்துக்குக் கட்டளை எழுதும் மொழி; அது தெரியாமலே தாராளமாகச் செய்யலாம். தரவுத்தளத்தை உலாவியில் காட்டும் பிஎச்பிமைஅட்மின் திரையைத் திறந்து இறக்குமதி, ஏற்றுமதி இரண்டையும் பார்த்துச் செய்யத் தெரிந்தால் போதும். இந்த வேலையில் இறங்கிய பிள்ளைகளுக்கு நான் கிட்ட இருந்து உதவி வருகிறேன். எஸ்கியூஎல் தெரியாததால் கெட்டுப்போன பட்டியலை நான் பார்த்ததில்லை. கெட்டுப்போனவை எல்லாம் தமிழ் எழுத்தைக் கவனிக்காமல் விட்டதால் கெட்டவை. கடவுச்சொல்லைக் கவனமாக வையுங்கள், பிரதி எடுங்கள் என்பவற்றை எல்லோரும் சொல்வார்கள்; அவற்றை விட்டுவிடுகிறேன்.

திரையில் தமிழ் தெரிகிறது என்று நம்பிவிடுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தருகிற தவறு இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

யூனிகோட் தமிழ் எழுத்து யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கப்படும்போது ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட்டு பிடிக்கும். புள்ளியும் தனிக் குறியீடு, கால், கொம்பு, விசிறி எல்லாம் தனிக் குறியீடு. ‘யாழ்ப்பாணம்’ என்பது நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. கணினிக்கு அது 11 குறியீடு, 33 பைட்டு.

பழைய மைஎஸ்கியூஎல் பதிப்புகளில், நீங்கள் எதுவும் சொல்லாமல் அட்டவணை உருவாக்கினால் அது லத்தீன்1 என்ற மேற்கு ஐரோப்பிய எழுத்துத் தொகுதியில் உருவாகும். பிஎச்பிமைஅட்மினில் அட்டவணைப் பெயருக்கு நேரே ‘லத்தீன்1 சுவீடிஷ்’ என்று காட்டும். மைஎஸ்கியூஎல் சுவீடனில் பிறந்த மென்பொருள், அதனால் அந்தப் பெயர். 8.0 பதிப்பில்தான் யுடிஎஃப்8எம்பி4, அதாவது யுடிஎஃப்-8இன் முழு வடிவம், இயல்பாக வந்தது. ஆனால் பழைய மென்பொருளை நிறுவினாலோ, பழைய தரவுத்தளத்தை அப்படியே தூக்கிவந்தாலோ லத்தீன்1 கூடவே வந்துவிடும்.

லத்தீன்1 அட்டவணைக்குள் தமிழைப் போட்டால் உடனே உடைந்து தெரியாது. பழைய மென்பொருள் தரவுத்தளத்தோடு பேசுவதும் லத்தீன்1 வழியாகத்தான். போகும்போது தப்பாகப் போன பைட்டுகள் அதே தப்போடு திரும்பி வரும். உலாவி அவற்றை யுடிஎஃப்-8 என்று வாசிக்கும். பக்கத்தில் தமிழ் அழகாகத் தெரியும். உள்ளே இருப்பது தமிழ் இல்லை. தரவுத்தளத்தைப் பொறுத்தவரை ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று ஐரோப்பியக் குறிகள். தேடல் ஒழுங்காக வராது. அகர வரிசை சொன்ன மாதிரி நிற்காது. 255 எழுத்து இடம் கொடுத்த விவரப் பகுதியில் 85 தமிழ்க் குறியீடுதான் கொள்ளும், கிட்டத்தட்ட பத்துச் சொல். அதோடு வசனம் பாதியில் அறுந்து, கடைசியில் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி ஒன்று நிற்கும். விவரங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளத்தில் வெட்டுப்பட்டு நிற்கக் கண்டால் வேறெங்கும் தேட வேண்டாம், காரணம் இதுதான்.

தீவகத்துச் சனசமூக நிலையம் ஒன்றின் தளத்தில் இது எப்படி முற்றியது என்று சொல்கிறேன். பட்டியலை ஏற்றிய பொடியன் கெட்டிக்காரன். பிஎச்பிமைஅட்மினைத் திறந்து பார்க்கச் சொன்னேன். “அண்ணை, சைட்டில வடிவாத் தெரியுதுதானே, பிறகென்ன?” என்றான். சில மாதம் கழித்துப் புதிய சேவருக்கு மாறினார்கள். முகப்பு முழுக்க தலையில் சாய்கோடு போட்ட சின்ன ‘ஏ’ எழுத்தும், வட்டத்துக்குள் அடைத்த ‘ஆர்’ எழுத்தும் வரிவரியாக வந்து நின்றன. தமிழ்க் குறியீடு எதுவானாலும் அதன் முதல் பைட்டு ஒன்றேதான், இரண்டாவது பைட்டு இரண்டில் ஒன்று. அதனால்தான் உடைந்த தமிழ் எப்போதும் இந்த முகத்தோடேயே வரும்.

அந்த நிலையில் கூட ஒன்றும் போய்விடவில்லை. பைட்டுகள் முழுதாக உள்ளே இருந்தன. ஆனால் அவன் பதறி, ‘எல்லா நிரல்களின் ஒப்பீட்டு முறையையும் மாற்று’ என்ற பெட்டியில் சரி போட்டு, யுடிஎஃப்8எம்பி4 என்று தெரிவுசெய்து அழுத்திவிட்டான். நிரல் என்றால் அட்டவணையில் மேலிருந்து கீழாக வரும் கட்டங்கள். அந்தக் கட்டளை பெயரை மட்டும் மாற்றாது. உள்ளே இருக்கிற குறிகளை எழுத்தாக எடுத்து மொழிமாற்றும். உடைந்த எழுத்து உடைந்த எழுத்தாகவே உறுதியாகிவிட்டது. மென்பொருள் தரவுத்தளத்தோடு பேசும் அமைப்பையும் சரியாக்கியதால் அதற்குப் பிறகு சேர்த்தவை நல்ல தமிழில் விழுந்தன. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் உடைந்தவற்றில் ஒரு பகுதியைக் கையால் திருத்தித் தட்டவும் தொடங்கிவிட்டார். இப்போது ஒரே அட்டவணையில் இரண்டு விதம். மொத்தமாகத் திருத்தப் போனால் நல்லவை உடையும். விட்டால் உடைந்தவை அப்படியே இருக்கும். பழைய எச்டிஎம்எல் பக்கத்தில் தமிழ் சுத்தமாக இருந்ததே என்று கேட்டேன். “இனித் தேவையில்லை” என்று அழித்திருந்தார்கள். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் ஒரு பகுதி கிடைத்தது. மற்றதை வரிவரியாகப் பிரித்து எடுத்தோம். அந்த ஆசிரியரின் உழைப்பு முழுவதும் இரண்டாம் முறை வாங்கப்பட்டது. ஏற்றிய அன்றைக்கு ஒரு தடவை உள்ளே பார்த்திருந்தால் போதும் என்று நினைக்கும்போதுதான் கோபம் வருகிறது.

ஆகவே முழுப் பட்டியலையும் ஏற்றுவதற்கு முன் நாலைந்து வரி மட்டும் ஏற்றுங்கள். அதில் ஒன்று நீண்ட தமிழ் விவரமாக இருக்கட்டும். பிறகு மூன்று இடத்தில் பாருங்கள்: தளத்தில், பிஎச்பிமைஅட்மினில், ஏற்றுமதி செய்த கோப்பை நோட்பேடில் திறந்து. மூன்றிலும் தமிழ் தெரிந்தால் சரி. தளத்தில் மட்டும் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். தரவுத்தளம், அட்டவணை, நிரல், மென்பொருள் தரவுத்தளத்தோடு பேசும் அமைப்பு நான்கும் யுடிஎஃப்8எம்பி4 ஆக இருக்க வேண்டும். வேர்ட்பிரஸில் கடைசியானது டபிள்யூபி-கான்பிக் கோப்பில் ஒரு வரி.

ஏற்கெனவே உடைந்துவிட்டதா? ஐரோப்பியக் குறிகளாகத் தெரிந்து, நிரலும் இன்னும் லத்தீன்1 ஆகவே இருந்தால் இப்படி மீட்கலாம். பிரதி எடுத்துவிட்டு, அந்த நிரலின் வகையை முதலில் ‘பிளாப்’ என்று மாற்றிச் சேமியுங்கள். அது எழுத்து என்ற எண்ணத்தை விட்டு வெறும் பைட்டாகப் பார்க்கும். பிறகு யுடிஎஃப்8எம்பி4 ‘டெக்ஸ்ட்’ ஆகத் திருப்பி மாற்றுங்கள். இரண்டும் மவுஸால் செய்கிற வேலை. புதிதாக ஒரு வரிகூடச் சேர்ப்பதற்கு முன் செய்ய வேண்டும். தமிழ் இருந்த இடத்தில் வெறும் கேள்விக்குறிகள் வரிசையாக நின்றால் மீட்க வழியில்லை. எழுத்துப் போய்விட்டது, மூலப் பக்கத்திலிருந்து மறுபடி ஏற்றத்தான் வேண்டும்.

பாமினியை அப்படியே ஏற்றுவது

2000களில் தொடங்கிய பல ஊர்த்தளங்களில் பட்டியல் பாமினி எழுத்துருவில்தான் இருக்கிறது. அது தமிழ் போலத் தெரிகிற ஆங்கில எழுத்து. எழுத்துருவை எடுத்துவிட்டால் ஆங்கில விசைகள்தான் மிஞ்சும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஏற்றுங்கள் என்று சொன்னால், “ஏற்றிவிட்டுப் பிறகு மாற்றுவோம்” என்கிறார்கள். அதில் ஒரு பொறி இருக்கிறது. பாமினியில் ‘இ’ இருப்பது காற்புள்ளி விசையில். புள்ளி இருப்பது அரைப்புள்ளி விசையில். பட்டியலை ஏற்றப் பாவிக்கும் சிஎஸ்வி என்ற எழுத்துக் கோப்பு நிரல்களைப் பிரிப்பதும் இவற்றாலேயே. மேற்கோள் குறிக்குள் அடைக்காத கோப்பில் இணுவில், இளவாலை, இடைக்காடு, இந்துக் கல்லூரி ஒவ்வொன்றும் முதல் எழுத்திலேயே பிரிந்து அடுத்த நிரலுக்குத் தாவிவிடும். பாரிஸிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ ஒருவர் அனுப்பும் கோப்பு அநேகமாக அரைப்புள்ளியால் பிரித்ததாக இருக்கும், அங்கத்தைய எக்செல் அப்படித்தான் சேமிக்கும். அதை யாராவது கையால் தொட்டுத் திருத்தி மேற்கோள் குறிகளை எடுத்துவிட்டால் புள்ளி வைத்த இடமெல்லாம் உடையும்.

இன்னொன்று: யூனிகோடுக்கு மாற்றும் மென்பொருளில் போடும்போது தலைப்பையும் விவரத்தையும் மட்டும் போடுங்கள். முழு வரியையும் போட்டால் இணைய முகவரியும் தமிழாகிவிடும். முகவரியின் தொடக்கத்தில் வரும் மூன்று டபிள்யூவும் ‘றறற’ ஆகிவிட்ட பட்டியலை நான் திருத்தியிருக்கிறேன்.

எக்செல்லில் திறந்து ‘சேவ்’ கொடுப்பது

சாதாரண சிஎஸ்வி என்று சேமித்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறி ஆகும். ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ என்ற தெரிவை எடுங்கள். முடிந்தால் லிப்ரெஆபிஸ் கால்க் பாவியுங்கள். கோப்பைத் திறக்கும்போதே எந்த எழுத்துத் தொகுதி, எது பிரிகுறி என்று கேட்கும்.

தொலைபேசி எண் நிரல் இருந்தால் அதை எழுத்து வகையாக வையுங்கள். யாழ்ப்பாணத்துத் தொலைபேசி எண்கள் 021 என்று தொடங்கும். எக்செல் அதை எண்ணாக எடுத்து முன்னாலுள்ள சுழியைத் தின்றுவிடும். தரவுத்தளத்தில் அந்த நிரலை ‘இன்ட்’ என்ற முழு எண் வகையாக வைத்தாலும் அதே கதை. நாட்டுக் குறியீடு 94 சேர்த்து எழுதிய கைத்தொலைபேசி எண் அந்த வகைக்குள் கொள்ளாது. கண்டிப்பில்லாத அமைப்பில் ஓடும் சேவர் பிழை சொல்லாமல் 2147483647 என்று போட்டுவிடும். ஊரில் உள்ள எல்லாச் சங்கத்துக்கும் ஒரே தொலைபேசி எண் என்று காட்டினால் இதைத்தான் பார்க்க வேண்டும்.

ஏற்றுவது பாதியில் நின்றால் மறுபடி ஏற்றுவது

பிஎச்பியின் இயல்பான கோப்பு எல்லை 2 எம்பி. இயங்கும் நேர எல்லை 30 வினாடி. கோப்பைத் துண்டாக்கி ஏற்றுங்கள். நின்றுவிட்டால் ஏறியதை வெறுமையாக்கிவிட்டுத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் எல்லாம் இரட்டை.

வகைகளைக் கடைசியில் பார்ப்போம் என்பது

முதலில் மென்பொருளுக்குள் வகைகளை உருவாக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் அது தரும் எண்ணைக் குறித்துக்கொண்டு, இணைப்புக் கோப்பில் அந்த எண்ணைப் போட்டு ஏற்றுங்கள். தலைகீழாகச் செய்தவர்கள் எந்த வகையிலும் சேராத இணைப்புகளோடு நிற்கிறார்கள். தரவுத்தளத்தில் இருக்கும், தளத்தில் தெரியாது. ஓர் இணைப்பு இரண்டு வகையில் வரவேண்டும் என்றால் ஒரே கட்டத்துக்குள் ‘4, 7’ என்று எழுதாதீர்கள். அப்படி எழுதிய தொகுப்பில் ஏழாம் வகையைத் தேடினால் பதினேழும் சேர்ந்து வரும். மென்பொருளின் திரையிலேயே இரண்டாவது வகையைத் தெரிவுசெய்து கொடுங்கள்.

ஒரே சொல்லுக்கு இரண்டு உடல்

கௌரி என்று ஒருவரும், ‘ள’ சேர்த்துக் கெளரி என்று இன்னொருவரும் தட்டியிருப்பார்கள். பார்வைக்கு ஒன்று, தேடலுக்கு இரண்டு. ஸ்ரீக்கும் இரண்டு வடிவம் உண்டு. ஏற்றுவதற்கு முன் கோப்பில் தேடி ஒன்றாக்கிவிடுங்கள். ஏற்றிய பிறகு ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டிவரும்.

செத்த இணைப்புகளையும் சுமப்பது

இலவசமாகத் தளம் வைக்க இடம் கொடுத்த ஜியோசிட்டீஸ் 2009இல் மூடிவிட்டது. எடுத்துவிடுங்கள்.

‘டிராப்’

அந்தச் சொல் உள்ள பொத்தானைத் தொடாதீர்கள், அட்டவணையையே அழித்துவிடும்.

பழைய முகவரிகளை அறுத்துவிடுவது

புதிய மென்பொருள் ஒவ்வொரு வகைக்கும் புதிய முகவரி கொடுக்கும். பழைய எச்டிஎம்எல் பக்கங்களின் முகவரி கனடாவிலும் நோர்வேயிலும் உள்ள தளங்களில் ஆண்டுக்கணக்காகப் பதிந்திருக்கிறது. வயதானவர்கள் பலர் அதைத்தான் புக்மார்க் செய்து வைத்திருக்கிறார்கள். சேவரில் உள்ள எச்டிஅக்சஸ் கோப்பில் பழையதிலிருந்து புதியதற்கு 301 திருப்பம் (நிரந்தரமாக இடம் மாறியது என்ற குறிப்பு) எழுதுங்கள், ஒரு பக்கத்துக்கு ஒரு வரி. பருத்தித்துறைக்கான பழைய பக்கம் புதிய பருத்தித்துறை வகைக்கே போகட்டும். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிட்டால் தன் ஊர்ப் பாடசாலையைத் தேடி வந்தவர் அங்கேயே நின்று திரும்பிப் போய்விடுவார்.