ஒரே நாளில் நகரம் சுற்றப் போகும் தம்பதியர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரிய நகரம் ஒன்றைக் கணவனும் மனைவியுமாகச் சுற்றிப் பார்க்க ஒரு நாள்தான் கிடைத்திருக்கிறது என்றால், அந்த நாள் கெட்டுப்போவது பெரும்பாலும் மழையாலோ கூட்டத்தாலோ அல்ல. முந்தைய இரவு பேச வேண்டியதைப் பேசாமல் விட்டதால்தான். "நாளைக்கு எங்கே போகலாம்?" என்று ஒருவர் கேட்பார். "உனக்கு எங்கே இஷ்டமோ அங்கே" என்று சொல்லிவிட்டு மற்றவர் தூங்கப் போய்விடுவார். கேட்பதற்கு அன்பான பதில்தான். ஆனால் திட்டம் போடும் பாரம் முழுவதும் ஒருவர் தலையில் விழுந்துவிடுகிறது. மறுநாள் எது சரியில்லாமல் போனாலும் பழியும் அவர் மேல்தான். மற்றத் தவறுகள் பலவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆளுக்கு ஓர் இடம் சொல்லுங்கள். இதைப் பார்க்காமல் ஊர் திரும்பினால் மனம் ஆறாது என்று எதைச் சொல்வீர்களோ, அந்த ஒன்று மட்டும். எனக்கு ஓவியங்கள் பிடிக்கும் என்பது என் கணவருக்கு முதலிலேயே தெரியும். அவருக்குப் பழைய ரயில் நிலையங்களின் உயர்ந்த கூரைக்குக் கீழே நின்று வண்டிகள் வந்து போவதைப் பார்க்கப் பிடிக்கும் என்பது, திருமணமாகி எட்டு ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதுவரை எத்தனை நகரங்களில் அவர் வாய் திறக்காமல் என் பின்னாலேயே நடந்திருக்கிறார்! இப்போது அவருடைய இடத்துக்குத்தான் முதலில் நேரம் ஒதுக்குகிறோம்.

அடுத்த தவறு, பட்டியலை அடைத்து நிரப்புவது. பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே காட்சிக்கு இருப்பவை மட்டும் ஏறத்தாழ 35,000. ஒவ்வொன்றின் முன்னும் பத்தே விநாடி நின்றால்கூட 97 மணி நேரம் ஆகும். இரவு பகல் தூங்காமல் நடந்தாலும் நான்கு நாளில் முடியாது. அதைக் காலைப் பொழுதில் "முடித்துவிட்டு" மதியம் வேறு இரண்டு இடங்களுக்குப் போவதாகத் திட்டம் போடுகிறோம். நின்று நின்று நடப்பது, ஒரே சீராக நடப்பதைவிடக் காலை அதிகம் கடுக்கச் செய்யும். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன், 1916-லேயே இதற்கு 'அருங்காட்சியகக் களைப்பு' என்று பெயரிட்டுக் கட்டுரை எழுதினார். காட்சிப் பொருட்களைப் பார்க்க ஒருவர் எப்படியெல்லாம் குனிந்து வளைய வேண்டியிருக்கிறது என்பதைப் புகைப்படங்களோடு காட்டினார். ஒரு நாளுக்கு ஒரு பெரிய அருங்காட்சியகம், அதிலும் இரண்டு மூன்று கூடங்கள். அதற்கு மேல் போனால் கண் பார்க்கும், மனதில் ஒன்றும் தங்காது.

விடுமுறை நாளைப் பார்க்காமல் கிளம்புவதும் அடிக்கடி நடக்கிறது. எல்லா நகரங்களுக்கும் பொதுவான விடுமுறை நாள் என்று ஒன்று இல்லை. லூவ்ர் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். அதே பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்துக்குத் திங்கள்கிழமை விடுமுறை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகம் புதன்கிழமை திறக்காது. இஸ்தான்புல்லில் தோப்காப்பி அரண்மனைக்குச் செவ்வாய், பெரிய சந்தைக்கு ஞாயிறு. ஆகவே பக்கத்து இடம் திறந்திருக்கிறதே என்று நம்பிப் போகாதீர்கள். நேரம் குறித்த டிக்கெட் தரும் இடமாக இருந்தால் முன்பதிவு செய்யுங்கள். வாசலில் இரண்டு மணி நேரம் வரிசையில் நிற்பது ஒரு நாள் பயணத்தில் பெரிய இழப்பு.

சுரங்க ரயில் வரைபடத்தைத் தெரு வரைபடமாக நினைத்து ஏமாறுபவர்கள் ஏராளம். லண்டனுக்காக ஹாரி பெக் வரைந்து 1933-ல் வெளியான வரைபடம்தான் இவ்வகைப் படங்களுக்கெல்லாம் முன்னோடி. கோடுகளை நேராக்கி, நிலையங்களைச் சீரான இடைவெளியில் வைத்தார் அவர். எங்கே ஏறி எங்கே மாறுவது என்பதை அது அழகாகச் சொல்லும். தூரத்தைச் சொல்லாது. லெஸ்டர் ஸ்கொயர் நிலையத்துக்கும் கோவென்ட் கார்டன் நிலையத்துக்கும் இடையே இருப்பது சுமார் 260 மீட்டர்தான். தெருவில் நடந்தால் நான்கு நிமிடம். ரயிலில் போனாலோ, கோவென்ட் கார்டனில் இறங்கிய பிறகு லிஃப்டுக்குக் காத்திருக்க வேண்டும், அல்லது 193 படிகள் ஏற வேண்டும். தெரு வரைபடத்தையும் ஒரு முறை பார்த்துவிட்டால் கால் வலியும் டிக்கெட் காசும் மிச்சம்.

நடை வேகம் சின்ன விஷயமாகத் தோன்றும். ஒருவர் பத்தடி முன்னால் போய் நின்று திரும்பிப் பார்ப்பதும், மற்றவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்த உடனே அவர் மறுபடி கிளம்பிவிடுவதும் எவ்வளவு எரிச்சலூட்டும் என்பது பின்னால் வருபவருக்குத்தான் தெரியும். முன்னால் போனவர் ஓய்வெடுத்துவிட்டார், வந்து சேர்ந்தவர் இன்னும் உட்காரவேயில்லை. மெதுவாக நடப்பவரின் வேகம்தான் இருவருக்கும் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுச் செருப்பும் வேண்டாம். பசி முற்றிய பிறகு சாப்பாட்டுக் கடை தேடவும் வேண்டாம். அந்த நேரத்தில் எந்தக் கடையைக் காட்டினாலும் சண்டைதான்.

இனி நான் மிக அழுத்தமாகச் சொல்ல நினைப்பது. ஒரு வெளிநாட்டு நகரத்தில், நெரிசலான நேரத்தில் சுரங்க ரயிலில் ஏறப் போனோம். என் கணவர் உள்ளே போய்விட்டார், எனக்கு முன்னால் கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் ஏதோ சொன்னார், உதடுகள் அசைந்தது மட்டும் தெரிந்தது. விரலால் கீழே காட்டினார். 'அங்கேயே இரு' என்கிறாரா, 'அடுத்ததில் வா' என்கிறாரா? இருவருடைய டிக்கெட்டும் அவர் பையில். தங்கும் விடுதியின் முகவரி அவர் கைபேசியில். என் கைபேசியிலோ சிக்னல் இல்லை. நான் அடுத்த ரயிலில் ஏறினேன். என்னைத் தேடி அவர் எதிர் ரயிலில் திரும்பி வந்துகொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது இருவருக்குமே பேச்சு வரவில்லை.

முன்கூட்டியே பேசி வைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும். இப்போது எங்களுக்கு ஒரு விதி உண்டு: உள்ளே போனவர் அடுத்த நிலையத்தில் இறங்கி நடைமேடையிலேயே நிற்க வேண்டும், வெளியே நின்றுவிட்டவர் அதே திசையில் வரும் அடுத்த வண்டியில் ஏற வேண்டும். அவரவர் டிக்கெட் அவரவரிடம் இருக்கும். விடுதி முகவரியைத் தாளில் எழுதி ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொள்கிறோம்.

கடைசியாக, சூரியனைக் கணக்கில் எடுக்காத திட்டம். மாலை ஐந்து மணிக்கு ஆற்றங்கரையில் அஸ்தமனம் பார்க்கலாம் என்று எழுதி வைத்திருப்போம். லண்டனில் டிசம்பர் மாதம் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜூனில் இரவு ஒன்பதைத் தாண்டியும் வெளிச்சம் இருக்கும். போகும் மாதத்தில் சூரியன் எப்போது மறைகிறது என்று பார்த்து, அதிலிருந்து பின்னோக்கி நாளை அமைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும் கடைசி ரயிலின் நேரத்தையும் அப்போதே குறித்துவிடுங்கள். டோக்கியோ போன்ற மாநகரத்திலேயே நள்ளிரவை ஒட்டி ரயில்கள் நின்றுவிட்டால் விடியற்காலை ஐந்து மணி வாக்கில்தான் மீண்டும் ஓடத் தொடங்கும். அந்த நேரம் இருவருக்குமே தெரிந்திருக்கட்டும்.