லீவ் கணக்கை எல்லோரும் பார்க்கும் காலண்டரில் போடுவது எப்படி?

எங்கள் அச்சகத்தில் பதினொரு பேர். போன வருஷம் வரைக்கும் லீவ் சொல்வது என்றால் வாட்ஸ்அப்பில் ஒரு வரி, இல்லாவிட்டால் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் பென்சில் கிறுக்கல். தீபாவளிக்கு மறுநாள் பார்த்தால் கட்டிங் மெஷின் ஓட்டுகிற இரண்டு பேருமே ஊருக்குப் போயிருந்தார்கள். இருவரும் சொல்லிவிட்டுத்தான் போனார்கள், ஒருவர் என்னிடம், இன்னொருவர் சூப்பர்வைசரிடம். கல்யாணப் பத்திரிகை ஆர்டர் வெட்டாமல் ஷீட் ஷீட்டாகக் கிடந்தது. அதற்கப்புறம்தான் கூகுள் காலண்டருக்கு மாறினோம். ஜிமெயில் இருந்தால் போதும், காசு கிடையாது.

முதலில் கம்ப்யூட்டரில் காலண்டரைத் திறந்து, இடது பக்கம் 'அதர் காலண்டர்ஸ்' பக்கத்தில் இருக்கும் கூட்டல் குறியை அழுத்தி, 'கிரியேட் நியூ காலண்டர்' கொடுங்கள். பெயர் 'ஆபீஸ் லீவ்' என்று இருக்கட்டும். உங்கள் சொந்தக் காலண்டரையே பகிர்ந்துவிடாதீர்கள், உங்கள் பல் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் ஊருக்கே தெரியும்.

அடுத்து அதன் செட்டிங்ஸில் போய் ஊழியர்களின் மெயில் முகவரியைச் சேர்க்க வேண்டும். இங்கேதான் யோசிக்கணும். எல்லோருக்கும் 'சீ ஆல் ஈவென்ட் டீடெயில்ஸ்' மட்டும் போதும், அதாவது பார்க்கலாம், தொட முடியாது. மாற்றி எழுதும் உரிமை உங்களுக்கும் இன்னொருவருக்கும் இருந்தால் போதும். நாங்கள் ஆரம்பத்தில் எல்லோருக்கும் கொடுத்தோம், ஒரே வாரத்தில் யாரோ கை தவறி மூன்று பேர் லீவை அழித்துவிட்டார்கள். (அழித்தது உடனே போய்விடாது, அந்தக் காலண்டரின் டிராஷில் இருக்கும், மீட்கலாம்.) நீங்கள் சேர்த்த ஊழியர்களுக்கு ஒரு மெயில் போகும், அதில் உள்ள லிங்க்கை அழுத்தினால்தான் காலண்டர் அவர்களிடம் வரும். பாதிப் பேர் அதை அழுத்தவே மாட்டார்கள், பக்கத்தில் உட்கார்ந்து அழுத்த வையுங்கள்.

சரி, விடுமுறை நாட்கள். கூகுளிலேயே இந்திய விடுமுறைக் காலண்டர் உண்டு, ஆனால் அதை அப்படியே நம்ப வேண்டாம், நாம் கடை திறந்திருக்கும் நாட்களும் அதில் பண்டிகையாக இருக்கும். தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழில் நிறுவனங்களில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கட்டாய விடுமுறை, அதோடு ஐந்து பண்டிகை நாட்கள். ஆக மொத்தம் ஒன்பது, கையாலேயே போட்டுவிடலாம். அந்த நான்குக்கு மட்டும் ஆண்டுதோறும் திரும்ப வருகிற மாதிரி 'ரிபீட்' கொடுங்கள். தீபாவளி, ரம்ஜானுக்குக் கொடுத்தால் அடுத்த வருஷம் தப்பான தேதியில் நிற்கும்.

லீவ் போடும்போது தேதியைத் தொட்டு, 'ஆல் டே' டிக் செய்து, பெயரும் 'லீவ்' என்ற சொல்லும் மட்டும் எழுதுங்கள். காரணம் வேண்டாம், ஒருவரின் ஆபரேஷன் விவரம் பத்துப் பேர் போனில் எதற்கு? முடிவுத் தேதியில் லீவின் கடைசி நாளைப் போட வேண்டும், வேலைக்குத் திரும்பும் நாளை அல்ல. அப்புறம், சேமிக்கும் முன் கீழே எந்தக் காலண்டர் என்று காட்டுகிற இடத்தில் 'ஆபீஸ் லீவ்' இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள், இல்லாவிட்டால் அது உங்கள் சொந்தக் காலண்டரில் போய் உட்கார்ந்துகொள்ளும், வேறு யாருக்கும் தெரியாது. எனக்கே நாலைந்து தடவை இப்படி ஆயிற்று.

இப்போது யாராவது லீவ் கேட்டால் முதலில் போனைத்தான் எடுக்கிறேன். சுவரில் இருக்கும் தினசரி காலண்டர் ராகுகாலம் பார்க்க மட்டும்.